ஒரே பெயரில் அனுப்புங்க அண்ணி

அந்த எச்சரிக்கை வந்த காலையில் நான் மேலாளரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சர்வர் அறைக்கென்று வாங்கிய ஏசியை அவர் தம் அறைக்கு மாற்றிக்கொண்டு, சர்வருக்கு ஒரு மேசை விசிறியைத் தானம் செய்திருந்தார். "மெஷினுக்கு என்னாம்மா, வேர்க்கவா போவுது?" என்று கேட்டார். "வேர்க்காது சார், செத்துப் போயிடும்" என்று சொல்லிவிட்டு என் இருக்கைக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தேன். அதற்குப் பிறகு ஏசியை நான் மறந்தே போனேன்.

காரைக்காலுக்கு வெளியே, இறாலையும் கணவாயையும் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் தனியார் நிறுவனம் அது. இன்றைக்கு இல்லை, மூடிவிட்டார்கள். சுனாமி வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் அங்கே கணினிப் பிரிவு. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், நான் ஒருத்திதான். வயரைச் செருகுவதும் நான்தான், சென்னைத் தலைமை அலுவலகத்தின் ஏச்சை வாங்குவதும் நான்தான். திருவேட்டக்குடியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, செருப்புப் போட்ட காலோடு ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் என்ற பெருமை எனக்குத் தலைக்கு மேல் இருந்தது.

மின்னஞ்சல் எங்கள் மிடில்வேரைச் செய்த கம்பெனியிடமிருந்து வந்திருந்தது. மிடில்வேர் என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் என்னிடம் கேட்காத ஆள் இல்லை. நான் ஒரே பதிலை வைத்திருந்தேன். வெளியில் இருந்து தகவல் வருகிற வாசல் ஒன்று இருக்கிறது. எடை, குளிர்கிடங்கு, வரவு செலவு எல்லாம் இருக்கிற உள்வீடு ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள்தான் அது. வாசலில் இருப்பவனுக்கும் உள்ளே இருப்பவனுக்கும் முகம் தெரிகிறது, நடுவில் ஓடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் விழுந்தால்தான் அப்படி ஒருவன் இருந்ததே தெரியும்.

அந்த ஆளிடம் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடித்திருந்தார்கள். அளவுக்கு மீறி நீளமான ஒரு வரியை வெளியிலிருந்து யாராவது அனுப்பினால் அவனுக்கு மூச்சு முட்டிப் புத்தி பேதலித்துவிடும். அதற்கப்புறம் அனுப்பியவன் என்ன சொன்னாலும் செய்வான். பயனர் பெயர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எங்கள் உள்வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். எப்படி நுழைவது என்று எவனோ ஒரு புண்ணியவான் இணையத்தில் செய்முறையே எழுதிப் போட்டுவிட்டான். ஓட்டையை அடைக்கும் திருத்தம் இன்னும் தயாராகவில்லை, வரும்வரை இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள் என்று கம்பெனி சொன்னது. ஒன்று, சர்வரை இணையத்திலிருந்து துண்டித்து வையுங்கள். இல்லையென்றால், வருகிற வரி இவ்வளவு நீளத்துக்கு மேல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பும்படி ஒரு கட்டளையைச் சேருங்கள்.

படித்து முடித்தபோது என் கை சில்லிட்டிருந்தது. மேலாளர் அறைக்கு ஓடினேன். அங்கேயும் சில்லென்றுதான் இருந்தது, அது வேறு காரணம்.

"துண்டிக்கிறதா? கன்டெய்னர் நிக்குது தெரியும்ல? சரக்குப் பதிவு ஆவலன்னா நானும் நீயும்தான் கன்டெய்னர்ல ஏறி உக்காரணும்" என்றார். சென்னையிலும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் ஆங்கிலத்தில். சரி, இரண்டாவது வழிதான் என்று முடிவாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை: திருத்தம் வரும்வரை இந்த ஓட்டையைப் பற்றி வெளியாள் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. நம் வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று தெருவில் தண்டோரா போடுவார்களா? அதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

அந்த ஒரு வரியை எழுதினேன். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். குப்பையாக ஒரு நீள வரியைத் தட்டி நானே அனுப்பிப் பார்த்தேன், வாசலிலேயே உதைத்துத் தள்ளியது. சின்னதாக ஒன்றை அனுப்பினேன், சமர்த்தாக உள்ளே போயிற்று. எங்கோ சீமையில் உட்கார்ந்திருக்கும் திருடனைக் காரைக்காலில் ஒருத்தி ஒற்றை வரியில் தடுத்துவிட்டாள் என்று எனக்கு ஒரே திமிர். மேலாளர் எனக்கு டீ சொன்னார். அவர் காசில் நான் குடித்த ஒரே டீ அது.

இப்போது என் அண்ணியைச் சொல்ல வேண்டும். என் அண்ணன் பெண்டாட்டி. பத்தாவது வரை படித்தவள், வாய் கொஞ்சம் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. சுனாமிக்குப் பிறகு ஊரில் பெண்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள், அதற்கு அண்ணிதான் தலைவி. அதற்கு முன்னால் எங்கள் பெண்கள் இறாலை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வெளியே நிற்பார்கள். அவன் உள்ளே எடை போட்டு வந்து சொல்வதுதான் எடை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று சுனாமி வருஷத்தில்கூடக் கொள்ளையடித்தவர்கள் அந்த வியாபாரிகள். அண்ணி எங்கள் கம்பெனிக்கு நடையாய் நடந்து, நேரடியாகச் சரக்குக் கொடுக்கும் அனுமதியை வாங்கினாள். நான் அங்கே வேலை செய்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நம்பினால் நம்புங்கள்.

முறை இப்படி: ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அண்ணி கோட்டுச்சேரி பிரவுசிங் சென்டருக்குப் போய், எங்கள் இணையப் பக்கத்தில் அன்றைய சரக்கைப் பதிவு செய்வாள். யார் கூடையில் என்ன, சுமார் எவ்வளவு என்று வரிசையாக. அந்தப் பதிவில் இருக்கிற பெயர்கள்தான் எங்கள் வாசல் காவல்காரரின் கைக்குத் தாளாக அச்சாகி வரும். பெயர் இருப்பவர் கூடையோடு உள்ளே வரலாம், தராசுக்குப் பக்கத்தில் நின்று தன் இறாலின் எடையைத் தன் கண்ணால் பார்க்கலாம். எங்கள் பெண்களுக்கு அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் எல்லாம். தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வருவார்கள், கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி.

அண்ணியின் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. மற்ற ஊர்க் குழுக்கள் தலைவி பெயரில் மொத்தமாக ஒரு வரி போட்டு அனுப்பிவிடும். இவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். ஒருத்தி பெயரில் போட்டால் சரக்கு ஒருத்தியுடையது ஆகிவிடும் என்று, எல்லார் பெயரையும் எழுதவேண்டும். அன்றைக்குக் கூடை கொண்டு வராதவளின் பெயரும் உண்டு. பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவள், காய்ச்சல்காரி, யாராக இருந்தாலும் பெயர் விடக்கூடாது, மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அவள் பங்கை நிரப்புவார்கள். பட்டியலில் முதல் பெயர் எப்போதும் ஒரு அக்காவுடையது. சுனாமியில் புருஷனையும் வீட்டையும் ஒரே காலையில் பறிகொடுத்தவள். அவள் பெயரில்தான் பட்டியல் ஆரம்பிக்கும்.

இவ்வளவு பெயரும் சேர்ந்து எங்கள் சர்வருக்கு ஒரே நீள வரியாக வந்து சேரும். அந்தப் பக்கத்தை எழுதிய சென்னை ஆள் அப்படிக் கட்டி வைத்திருந்தான். ஏன் என்று கேட்டால் அன்றைக்கு அவனுக்கு அதுதான் சுலபமாக இருந்திருக்கும். எங்களுக்கு வருகிற எல்லா வரிகளிலும் நீளமானது அண்ணி அனுப்புவதுதான்.

மறுநாள் காலை அண்ணியிடமிருந்து போன். "பாப்பா, உங்க கம்பெனிப் பொட்டி என் பட்டியல வாங்கமாட்டேங்குது. நாலு தடவ அடிச்சிட்டேன். என்னமோ இங்கிலீசுல திட்டுது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சர்வரின் குறிப்பேட்டைத் திறந்தால், திருப்பி அனுப்பப்பட்ட வரிகளாக நாலு, எல்லாம் கோட்டுச்சேரியிலிருந்து. திருடனுக்காகப் போட்ட வாசல்படியில் என் அண்ணி தடுக்கி விழுந்திருந்தாள். சத்தியமாக எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லலாம் என்றால், ஒரு குழு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பதியலாம், இரண்டாவதை அனுப்பினால் முதலாவது அழிந்துபோகும். அதுவும் சென்னை ஆளின் கைங்கரியம். அளவைக் கூட்டினால் ஓட்டை திறந்துகொள்ளும். வெளியே மீன் வந்துகொண்டிருந்தது, வெயில் ஏறினால் இறால் யாருக்கும் காத்திருக்காது.

"அண்ணி, ஒண்ணு பண்ணுங்க. கொஞ்ச நாளைக்கு எல்லார் பேரும் வேணாம். உங்க ஒருத்தர் பேரில மொத்தமா அனுப்புங்க."

"அதெப்படிப்பா?"

"கொஞ்ச நாளைக்குத்தான். ஏன்னு கேக்காதீங்க. யாருகிட்டயும் சொல்லவும் சொல்லாதீங்க. அப்புறம் நான் சரி பண்ணிடுறேன்."

பிரவுசிங் சென்டரில் யாரோ பாட்டு போட்டிருந்தது மட்டும் கேட்டது. பிறகு, "நீ சொன்னா சரிதான்" என்றாள். பட்டியல் வந்து சேர்ந்தது. ஒரே ஒரு பெயர். நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

வாசலில் நடந்ததை நான் பார்க்கவில்லை, காவல்காரர் சொல்லித்தான் தெரியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, எங்கள் காவல்காரர் அந்த ரகம். தாளில் ஒரு பெயர் இருந்தது, ஒருத்தியைத்தான் விட்டார். மற்ற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கம்பிக் கதவுக்கு வெளியே பழையபடி நின்றார்கள். அந்த அக்கா, "தாள நல்லாப் பாருங்கய்யா, என் பேருதான் மொதல்ல இருக்கும்" என்றிருக்கிறாள். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு வரிக்கும் பல வரிக்கும் வித்தியாசம் தெரியாதா?

அண்ணி உள்ளே எல்லார் கூடையையும் தனித்தனியாகவே எடை போட்டு, ஒருத்திக்கும் குறைவில்லாமல் வந்து சொன்னாள். ஏன் உன் பேர் மட்டும் என்று கேட்டார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டார்கள். எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாள். வாய் பெரியவள் வாயை மூடிக்கொண்டால் ஊர் சும்மா இருக்குமா? அவள் நாத்தனார் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து குழுவைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள், வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று குழாயடியில் பேச்சு எழுந்தது. இதெல்லாம் அண்ணி என்னிடம் சொல்லவில்லை. அடுத்தடுத்த நாள்களும் காலையில் ஒற்றைப் பெயரில் பட்டியல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வருகிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மிடில்வேர்க் கம்பெனிக்காரர்கள் திருத்தத்தை அனுப்ப எதிர்பார்த்ததைவிட நாள் பிடித்தது. வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அதை ஏற்றினேன். நீளக் கட்டுப்பாட்டை எடுத்தேன். குப்பை வரியை மறுபடி அனுப்பிப் பார்த்தேன், அந்த நடு ஆள் திடமாக நின்றான். யாரும் உள்ளே வந்திருக்கவில்லை, ஒரு துண்டுத் தகவல்கூடப் போகவில்லை. மேலாளர் கோதுமை அல்வா வாங்கி வந்தார். சென்னைக்கு அனுப்பும் அறிக்கையில் பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் எவருமில்லை என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அன்றைக்கு அது பொய் என்று எனக்குத் தெரியாது.

அல்வாவில் கொஞ்சம் கட்டிக்கொண்டு சாயங்காலம் திருவேட்டக்குடிக்குப் பஸ் ஏறினேன். "அண்ணி, சரியாயிடுச்சு! நாளையிலேருந்து எல்லார் பேரும் போடலாம்" என்றேன். அண்ணி அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "போட்டா யாரு வர்றா?" என்றாள்.

அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. குழுவில் பாதிப் பேர் பழைய வியாபாரியிடமே போய்விட்டார்கள். மிச்சம் பேர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தெருவில் அண்ணி எதிரே வந்தால் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்கள் மேல்தான் முதலில் வந்தது. இத்தனை வருஷம் பழகி, ஒரு மாசத்துக்குள் இவ்வளவு சந்தேகமா? இப்போதே போய் எல்லாவற்றையும் விளக்குகிறேன் என்று கிளம்பினேன். "வுடு, வேணாம்" என்று அண்ணி தடுத்தாள். கேட்கிற ஆளா நான்?

அந்த அக்கா வீட்டு வாசலில் வலை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். வாசல், உள்வீடு, நடுவில் ஓடுகிற ஆள், ஓட்டை, நீள வரி, திருடன், எல்லாம். இனி ரகசியம் எதுவும் இல்லை, அடைத்தாகிவிட்டது. அழகாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லச் சொல்ல என் குரல் தாழ்ந்துகொண்டே போனது ஏன் என்று தெரியவில்லை.

அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப எங்க பேரெல்லாம் நீளமா இருந்ததாலதான் திருடன்னு நெனச்சிச்சா?" என்றாள்.

"அப்படி இல்லக்கா. அதுக்கு ஆளத் தெரியாது. நீளம் மட்டும்தான் தெரியும்."

"உனக்கு ஆளத் தெரியுமே."

நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"உங்க அண்ணி திருடிட்டான்னு நான் சொல்லல. ஊருல சொல்றாங்க, நான் சொல்லல. எம் பேர எடுக்கச் சொல்ல, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். வேற என்னா இருக்கு என்கிட்ட, அந்தப் பேருதானே?" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிக்கொண்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அதன் பிறகு நான் வீடு வீடாகப் போகவில்லை. அண்ணி ஒரு தடவை மட்டும் முழுப் பட்டியலையும் அனுப்பிப் பார்த்தாள். பழைய வரிசையில், பழைய பெயர்கள். ஒரு தடங்கலும் இல்லாமல் உள்ளே வந்தது. தாள் அச்சானது. காவல்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார், அண்ணியைத் தவிர யாரும் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் கம்பெனி அனுமதியை ரத்து செய்தது. சரக்கு இல்லாத குழுவுக்கு அனுமதி எதற்கு என்று கேட்டார்கள்.

பல நாள் நான் எனக்குள்ளேயே வழக்காடியிருக்கிறேன். அந்த வரி சரியானது. இன்றைக்கு அதே எச்சரிக்கை வந்தாலும் அதே வரியைத்தான் எழுதுவேன். ரகசியம் காத்ததும் சரி. மீன் அழுகாமல் வழி சொன்னதும் சரி. எல்லாம் சரியாக இருக்க, தராசுக்குப் பக்கத்தில் நின்ற அத்தனை பெண்களும் வெளியே போய்விட்டார்களே. இதில் எது தப்பு? துக்கம்தான் மிச்சம், அதைக் கொண்டுபோய் யார் தலையில் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச காலம் சென்னை ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் அந்த வேலையை விட்டு வேறு ஊருக்குக் கிளம்பும் முன்னால் அண்ணியைப் பார்க்கப் போனேன். எனக்காக மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேரும் எடுக்காமலே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டியிருந்தோம். அன்றைக்கு நானே கேட்டேன். "நான் வேற என்ன சொல்லியிருக்கணும் அண்ணி? அன்னிக்கு வேற வழியே இல்ல. ஒண்ணு உங்க பேரில அனுப்பணும், இல்லன்னா சரக்கையே அனுப்பக்கூடாது."

அண்ணி கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள்.

"அனுப்பாமலே இருந்திருப்போமே, பாப்பா" என்றாள். "ஊருல ஒரு சாவுன்னா ஒரு படகும் எறங்காது. தடைக்காலத்துல ஒன்றரை மாசம் சும்மா கெடக்குறோம். எல்லாருமா சேந்து நிறுத்துனா யாருக்கும் ஒரு வருத்தமும் வராது. ஏன்னு சொல்ல வேண்டியதுகூட இல்ல, கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கன்னு நீ சொல்லியிருந்தாப் போதும். நிறுத்தியிருப்போம்."

மேலாளரிடம் கேட்டேன், நிறுத்த முடியாது என்றார். சென்னையில் கேட்டேன், முடியாது என்றார்கள். முடியும் என்று சொல்லக்கூடியவர்கள் கோட்டுச்சேரி பிரவுசிங் சென்டரிலிருந்து எனக்குப் போன் செய்தார்கள். அவர்களிடம் நான் கேட்கவில்லை.